உலோகத்தைப் பிடிக்க எந்தச் சக்கை? நார்க்கழிவு, கடற்பாசி, உமி, ஆகாயத்தாமரை

கோவையில் உலோகங்களுக்கு முலாம் பூசும் ஒரு சிறிய பிளேட்டிங் பட்டறையின் பின்கட்டு. குரோம் தொட்டியில் முக்கியெடுத்த கைப்பிடிகளை அலசிய நீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில், பழுத்த எலுமிச்சையின் மஞ்சளில் இருந்தது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் அதில் சில துளி கந்தக அமிலம் விட்டு, சலித்த தென்னை நார்த்தூளை இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கி மூடி வைத்தார். மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது மஞ்சள் இல்லை. டைபினைல்கார்பசைடு கரைசலைச் சொட்டினால், குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான குரோமியம்-6 இருக்கும் நீர் ஊதாவாக மாறவேண்டும். மாறவில்லை. பட்டறை உரிமையாளரின் முகம் மலர்ந்தது. “மஞ்சள் போய்விட்டதே, இனி ஓடையில் விடலாம்தானே சார்?” என்று கேட்டார்.

அதே நீரில் ஒரு குவளை எடுத்து, பி.எச். 8.5 ஆகும்வரை சுண்ணாம்புத் தெளிவை ஊற்றிக் காட்டினேன். சாம்பல் கலந்த பச்சையில், திரிந்த பால் போல ஒரு வண்டல் திரண்டு அடியில் இறங்கியது. அத்தனையும் குரோமியம். நார்த்தூள் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. குரோமியம்-6 ஆக இருந்ததைக் குரோமியம்-3 ஆக மாற்றிவிட்டு நீரிலேயே விட்டிருந்தது. நச்சு குறைந்தது உண்மை, அதுவும் பெரிய நன்மைதான். ஆனால் உலோகம் எங்கும் போகவில்லை.

தாவரச் சக்கையால் கன உலோகத்தை நீக்குவது பற்றி யாராவது கேட்டால் அந்த வாளியில்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். வாழைத்தோல், வேப்பிலை, நிலக்கடலைத் தொலி, புளியங்கொட்டை, கரும்புச் சக்கை என்று உலகில் ஆய்வு செய்யப்படாத தாவரப் பொருளே இல்லை எனலாம். ஒவ்வோர் ஆய்வும் ‘கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்’ என்ற ஓர் எண்ணோடு முடியும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தால் கைசுட்டுக்கொள்வோம். எந்த உலோகம், எவ்வளவு நீர்த்த நிலையில் இருக்கிறது, பிடித்த பிறகு அந்தச் சக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் எது சிறந்தது என்ற பேச்சுக்கே இடம் உண்டு. மூன்றாவது கேள்வியை நான் பார்த்த பெரும்பாலான திட்டங்கள் கேட்கவே இல்லை.

பிடிப்பது எது

உயிரற்ற சக்கை எப்படி உலோகத்தைப் பிடிக்கிறது என்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவுக் கட்டி ஏற்றுமதி செய்பவர்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களைவிட நன்றாக அறிவார்கள். தேங்காய் மட்டையிலிருந்து வரும் தூளில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அப்படியே அனுப்பினால் வெளிநாட்டுப் பசுமைக் குடில்களில் செடி கருகிவிடும். அதனால் முதலில் நன்னீரில் கழுவுவார்கள். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் கழுவலில் முழுக்கப் போகாது. பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பார்கள். கால்சியம் உள்ளே நுழைந்து அவற்றை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

உலோகத்தைப் பிடிப்பதும் இதே அயனிப் பரிமாற்றம்தான். தாவரச் சுவரில் உள்ள லிக்னின், பெக்டின், டானின் ஆகியவற்றில் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் இருக்கின்றன. ஈயம், செம்பு, காட்மியம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை கால்சியத்தை இடம்பெயர்த்துவிட்டு அந்த இடங்களில் அமர்கின்றன. நீர் மிகவும் அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலோகத்திற்கு இடம் கிடைக்காது. பி.எச். 4 முதல் 6 வரைதான் தோது. அதற்கு மேலே போகப்போக உலோகம் ஹைட்ராக்சைடாகத் தானே படிய ஆரம்பித்துவிடும். அப்படிப் படிந்ததையும் சேர்த்துச் சக்கையின் கணக்கில் எழுதிய ஆய்வறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

குரோமியம்-6 மட்டும் வேறு சாதி. அது எதிர்மின் அயனியாக இருப்பதால் பி.எச். 2 அளவில்தான் சக்கையோடு உறவாடும். அந்த அமிலத்தில் சக்கையின் கரிமப் பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து குரோமியம்-3ஐ உண்டாக்குகிறது. வாளியில் நடந்தது இதுதான். இந்த வேலையைச் சோடியம் மெட்டாபைசல்பைட் அதே பி.எச்.-இல் அரைமணி நேரத்தில் முடித்துவிடும், சக்கைபோல நீரைப் பழுப்பாக்காமல். ஆகவே குரோமியம்-6க்குத் தாவரச் சக்கை போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், மெட்டாபைசல்பைட் போட்டுவிட்டுச் சுண்ணாம்பால் படியவையுங்கள். இனி வரும் ஒப்பீட்டில் குரோமியம்-6க்கு வேலை இல்லை.

கடற்பாசி

எண்களை வைத்துப் பார்த்தால் முதலிடம் பழுப்புக் கடற்பாசிக்கு. சர்காசம், டர்பினேரியா போன்ற இனங்களின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள்தான் காரணம். அதன் சங்கிலிகள் முட்டை அட்டையின் குழிகள்போல மடிந்திருக்கும். இரட்டை நேர்மின் அயனிகள் அந்தக் குழிகளில் முட்டைபோல அமர்ந்துகொள்ளும். ஈயத்தைக் கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும் சர்காசம் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போஹுமில் வோலெஸ்கி இதை முன்வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில் மண்டபம் கரையிலிருந்து எடுத்த சர்காசம் வைட்டியை வைத்து நிக்கல், கோபால்ட் நீக்கம் ஆராயப்பட்டிருக்கிறது. காய்ந்த பாசி நல்ல குருணையாக உடையும், குழாயில் அடைத்தால் நீர் ஓரளவு தடையின்றி இறங்கும், நீர்த்த அமிலத்தால் கழுவிப் பலமுறை திரும்பப் பயன்படுத்தலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் அது பாசிக்கான விளம்பரமாகிவிடும். முதலாவது, அந்த 200 என்பது ஈயத்திற்கு. நிக்கலுக்கு வந்தால் அதே பாசி 20, 30, மிஞ்சினால் 40 என்று இறங்கிவிடும். ஈயம் கனமான, எளிதில் ஒட்டும் அயனி. நிக்கல் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இலேசில் உதறாது. பிளேட்டிங் பட்டறைக்காரருக்குத் தேவை நிக்கலின் எண். அவரிடம் ஈயத்தின் எண்ணைக் காட்டுவது முறையல்ல.

இரண்டாவது, பாசி எங்கிருந்து வருகிறது என்பது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்தப் பாசிப் படுகைகளில்தான் மீன்குஞ்சும் இறாலும் வளர்கின்றன. இராமநாதபுரக் கரையின் மீனவப் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவரும் பொருள் அது. ஏற்கெனவே ஆல்ஜினேட் ஆலைகளும் உரம் தயாரிப்பவர்களும் வாங்குகிறார்கள். ஊருக்கு ஊர் பட்டறைக் கழிவுநீருக்கு அதைப் பறிக்கத் தொடங்கினால் ஓர் அழுக்கைக் கழுவ இன்னொரு கடலை மொட்டையடிப்பதாகும். ஆல்ஜினேட் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை வாங்கலாமே என்று கேட்பார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். உலோகத்தைப் பிடிப்பதே ஆல்ஜினேட் என்பதால், அதை உருவிய சக்கையில் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கரையில் தானாக ஒதுங்கும் பாசியைச் சேகரித்து, ஈயம் வெளியேறும் பழைய பேட்டரி உருக்குமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எனக்குச் சம்மதம். அங்கே பாசிக்கு நிகர் வேறில்லை.

நார்க்கழிவு

ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் கழியும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சாலையோரக் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு அளவைச் சொல்லவேண்டியதில்லை. கோவைப் பட்டறைகளிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் பொருள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் இதையும் இதிலிருந்து செய்த கரியையும் வைத்துச் சாயம், உலோகம் இரண்டையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பதப்படுத்தாத தூள் நிக்கலைக் கிராமுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை பிடிக்கும். கடற்பாசியோடு ஒப்பிட்டால் நிக்கலில் இது கூப்பிடு தூரம்தான். ஈயத்தில்தான் எட்டாத தொலைவு.

இதன் தொல்லைகள் வேறு. முதல் தொல்லை நிறம். புதுத்தூளை நீரில் போட்டால் டானினும் பிற பீனால்களும் கரைந்து, கடும் டீத்தண்ணீர் நிறத்தில் நீர் வெளியே வரும். உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிமச் சுமையை ஏற்றிவிட்டோம் என்றாகும். பழைய ஆய்வுகளில் பார்மால்டிஹைடால் டானினைக் கட்டிப்போடச் சொல்வார்கள். பட்டறைத் தொழிலாளி மூச்சில் பார்மால்டிஹைடு ஏற நான் உடன்படமாட்டேன். ஏற்றுமதிக்காகக் கழுவி, கால்சியத்தில் ஊறவைத்த கட்டியை வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கழுவலை நாமே செய்தால் செலவாகும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது தொல்லையை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதன்முதலில் ஒரு 200 லிட்டர் டிரம் முழுக்கத் தூளையே அடைத்தேன். தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரை உறிஞ்சி ஊதியது. மூன்றாம் நாள் அடிக்குழாயில் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது, ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. மேலே தேங்கிய நீர் வழிந்து பட்டறைத் தரை முழுவதும் நிக்கல் பச்சை. அன்றிரவு இரண்டு பேர் சாக்கையும் மணலையும் போட்டு ஒற்றி எடுத்தார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு தூளைத் தனியாக அடைப்பதில்லை. சிறு துண்டுகளாக வெட்டிய மட்டைச் சில்லுகளோடு பாதிக்குப் பாதி கலந்து, நீரை மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து மெல்ல ஏற்றினால் மாதக்கணக்கில் ஓடுகிறது.

உமியும் கரியும் முருங்கை விதையும்

உமி பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சிலிக்கா. வெளித்தோல் நெல்மணியை நீரிலிருந்து காக்கவே உருவானது. உலோக அயனி ஒட்ட இடம் குறைவு. அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்தால் பிடிப்பு கூடும். அந்த அமிலமும் காரமும் இன்னொரு கழிவுநீர். போதாக்குறைக்கு, புழுங்கலரிசி ஆலைகளின் கொதிகலனுக்கே உமி வேண்டியிருக்கிறது. இலவசம் என்று எழுதப்படும் பொருளுக்கு அடுத்த தெருவில் விலை இருக்கிறது.

தேங்காய்த் தொட்டிக் (சிரட்டை) கரி நல்ல பொருள், ஆனால் அதன் பலம் சாயத்திலும் கரிம நச்சிலும். நேர்மின் உலோக அயனிகளைப் பிடிக்க அதன் பரப்பைத் தனியாக ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். சக்கை என்ற மலிவு அதோடு போய்விடுகிறது. தொட்டியைக் குழியில் மூட்டம்போட்டுச் சுடும் ஊர்களில் புகைக்கும் கிணற்று நீருக்கும் நேர்ந்ததை அறிந்தவர்கள் இதைப் பசுமைத் தீர்வு என்று அழைக்கத் தயங்குவார்கள்.

முருங்கை விதையையும் தேத்தாங்கொட்டையையும் இந்தப் பந்தயத்தில் சேர்ப்பதே பிழை. கிணற்றுக் கலங்கலைத் தெளியவைக்க நம் பாட்டிமார்கள் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்தது அறிவார்ந்த செயல். முருங்கை விதையின் புரதம் கலங்கலைத் திரட்டி இறக்கும். துகளோடு ஒட்டிய உலோகமும் கூடவே இறங்கும். கரைந்த நிலையில் இருக்கும் நிக்கல் வேறு. விதைத்தூள் போட்ட நீர் இரண்டு நாளில் நாற்றமெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

இப்போது பென்சிலை எடுப்போம். ஒரு பட்டறை நாளொன்றுக்கு 5,000 லிட்டர் நிக்கல் அலசுநீரை வெளியேற்றுகிறது, லிட்டருக்கு 30 மில்லிகிராம் நிக்கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 150 கிராம் நிக்கல். ஆய்வகத்தில் கண்ட திறனில் பாதிதான் டிரம்மில் கிடைக்கும் என்பது என் வழக்கமான கணிப்பு. நார்க்கழிவுக்குக் கிராமுக்கு 8 மில்லிகிராம் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 கிலோ வேண்டும். கடற்பாசிக்கு 15 என்றால் 10 கிலோ. உமிக்கு 2.5 என்றால் 60 கிலோ. மாதம் 25 வேலை நாளுக்கு நார்க்கழிவு மட்டும் அரை டன்னை நெருங்குகிறது.

இதே 150 கிராமை சுண்ணாம்பாலோ காரத்தாலோ பி.எச். 10க்கு மேல் ஏற்றிப் படியவைத்தால் கிடைப்பது சுமார் 240 கிராம் நிக்கல் ஹைட்ராக்சைடு. ஈரத்தோடு பிழிந்தெடுத்தாலும் ஒரு கிலோ. சுண்ணாம்பின் கசடு சேர்ந்தால் கொஞ்சம் கூடும். 19 கிலோ நச்சுச் சக்கைக்கும் ஒன்றிரண்டு கிலோ நச்சுச் சேற்றுக்கும் நடுவே எதைத் தேர்வீர்கள்? சுண்ணாம்புச் சேறு பெரிய தொல்லை, சக்கை அதற்கு மாற்று என்றே பல முன்னுரைகள் தொடங்குகின்றன. இந்தச் செறிவில் அது தலைகீழ்.

செறிவு குறையும்போது கணக்கு மாறுகிறது. அலசும் தொட்டிகளை மூன்றாக அடுக்கி, புதுநீர் கடைசித் தொட்டியில் நுழைந்து பொருள் வரும் திசைக்கு எதிராகப் பாயும்படி செய்தால், நிக்கலின் பெரும்பகுதி முதல் தொட்டியிலேயே தங்கும். அந்தக் கெட்டியான நீர் முலாம் தொட்டிக்கே திரும்பலாம், மிஞ்சியது சுண்ணாம்புக்குப் போகலாம். கடைசித் தொட்டியில் லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால், அதே 5,000 லிட்டருக்கு நாளைக்கு 25 கிராம் நிக்கல். நார்க்கழிவு மூன்று கிலோ போதும். நீர்த்த அமிலத்தால் கழுவி ஐந்து முறை பயன்படுத்தினால் மாதத்திற்கு 16 கிலோவுக்குள் அடங்கும். இவ்வளவு நீர்த்த நீரில் சுண்ணாம்பு திணறும். வண்டல் திரளாது, நிக்கல் ஒன்றிரண்டு மில்லிகிராமில் நின்றுவிடும். அம்மோனியாவோ சிட்ரேட்டோ கலந்திருந்தால் அதைவிட மேலே நிற்கும். உள்நாட்டு நீர்நிலையில் விட நிக்கலுக்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஈயத்திற்கு 0.1. இந்த வரம்புகளின் ஓரத்தில்தான் சக்கைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

இன்னொன்று. பலர் சக்கை டிரம்மைச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் வைக்கிறார்கள். அங்கே நீரின் பி.எச். 10, உள்ளே கால்சியம் குவிந்து கிடக்கிறது. கால்சியமும் அதே இருக்கைகளுக்குத்தான் போட்டியிடும். நிக்கல் முலாம் தொட்டியின் பி.எச். 4ஐ ஒட்டியிருக்கும், அதன் அலசுநீர் 5, 6 அளவில் வரும். சக்கைக்கு வேண்டியது இதுதான். ஆகவே மற்ற நீரோடு கலக்கும் முன்னே, அலசும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். சயனைடு தொட்டி வைத்திருக்கும் பட்டறைகளுக்கு ஓர் எச்சரிக்கை: சக்கையைக் கழுவ வைத்திருக்கும் அமிலம் சயனைடு நீரோடு சேர்ந்தால் எழுவது கொல்லும் வாயு. இரண்டின் வடிகாலும் ஒன்றாக இருக்கவே கூடாது.

இதே வேலைக்கென்று ஆலையில் செய்யப்படும் செயற்கை மணிகளான அயனிப் பரிமாற்ற ரெசினையும் நியாயமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் பத்துக்கணக்கான கிராம் நிக்கலைப் பிடிக்கும், நூற்றுக்கணக்கான முறை தாங்கும், ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரம். அமெரிக்காவில் குளோரெல்லா பாசியைச் சிலிக்காவில் பதித்து விற்ற ஆல்காசார்ப், பாசியையும் சதுப்பு நிலத்துப் பீட் பாசியையும் மணிகளாக்கிய பயோபிக்ஸ் ஆகியவை வேலை செய்தும் பரவலான சந்தையைப் பிடிக்க முடியாததற்கு இந்த ஒப்பீடு ஒரு காரணம். கையில் பணமும் ஆளும் உள்ள பெரிய ஆலை ரெசின் வாங்குவதே சரி. நார்க்கழிவு யாருக்கு என்றால், ரெசின் வாங்க முடியாததால் இப்போது எதுவுமே செய்யாமல் ஓடையில் விடும் நான்கு பேர் பட்டறைக்கு.

தோல் பதனிடும் ஊர்களின் நிலை வேறு. ஆம்பூர், வாணியம்பாடியில் குரோம் பதனிட்ட மிச்சக் கரைசலில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம்-3 இருக்கும். 10,000 லிட்டரில் 2,000 மில்லிகிராம் வீதம் என்றாலும் 20 கிலோ. கிராமுக்கு 8 மில்லிகிராம் என்ற அதே கணக்கில் சக்கையில் பிடிக்க இரண்டரை டன் வேண்டும்! மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, அடுத்த தோலுக்கே திரும்ப எடுப்பதுதான் அங்கே அறிவு. அந்தத் தொழில்நுட்பம் பல ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது.

உயிருள்ள செடி

ஆகாயத்தாமரைக்கு ஆதரவாளர்கள் மிகுதி. தானே வளரும், ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிக்கும், வேரில் காட்மியத்தையும் ஈயத்தையும் சேர்க்கும். எல்லாம் சரி. ஆனால் அதன் எடையில் 95 விழுக்காடு நீர். பத்து டன் அள்ளினால் உலர்ந்த பொருள் அரை டன். அள்ளிய செடி கரையில் கிடக்கும், மாடு மேயும், யாரோ உரக்குழிக்கு எடுத்துப்போவார்கள். அள்ளாமல் விட்டால் அழுகி, பிடித்த உலோகத்தைக் குளத்திற்கே திருப்பிக் கொடுக்கும். கோவைக் குளங்களில் அந்தப் பச்சைப் போர்வையைப் பார்த்து ‘இயற்கை சுத்திகரிக்கிறது’ என்று ஆறுதல் கொள்வதை நான் ஏற்கவில்லை. காய்ந்த வேர்த்தூளாகப் பயன்படுத்தினால் அது இன்னொரு சக்கை, அவ்வளவுதான். நார்க்கழிவைவிட அள்ளவும் உலர்த்தவும் கூலி அதிகம்.

வெட்டிவேரையும் நாணலையும் பற்றிப் பேசும்போது எனக்கு இராணிப்பேட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. மழையில் கரைந்த மஞ்சள் நீர் நிலத்தடிக்கு இறங்கியது. 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இருந்தது. பாலாற்றுப் படுகைத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லியிருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் செடி நட்டு குரோமியத்தை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேரில் மேல் 20 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 2,600 டன். கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் குரோமியம் என்றால் 2.6 டன் உலோகம். ஆண்டுக்கு பத்து டன் உலர்ந்த தண்டும் இலையும் அறுத்து, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருந்தாலும் வெளியேறுவது ஒரு கிலோ. குரோமியத்தைச் செடி பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவிடும், மேலே ஏற்றாது. ஆகவே அந்த ஒரு கிலோவும் தாராளமான மதிப்பீடு. 2,600 ஆண்டு காத்திருக்க யாருமில்லை. வெட்டிவேர் அங்கே மண்ணைப் பிடித்து நிறுத்தும், புழுதி பறக்காமல் காக்கும். அந்த அளவுக்கு அதை நம்பலாம், நட வேண்டும்.

பிடித்த பிறகு

சக்கையை எரித்துவிடலாம் என்பது எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில். எரித்தால் எடை குறையும், சாம்பலில் உலோகம் செறியும். ஆனால் காட்மியமும் ஈயமும் வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு போகும். குரோமியம்-3 ஏறிய சக்கையைக் காற்றோட்டத்தில் எரித்தால், சாம்பலில் உள்ள கால்சியமும் காரமும் துணைநிற்க, அது மறுபடி குரோமியம்-6 ஆக மாறக்கூடும். மாணவரின் வாளியில் ஓரிரவில் நடந்த நன்மை அடுப்பில் தலைகீழாகும். டீக்கடை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் இந்தச் சக்கை போகக்கூடாது. தென்னை நார் என்பதால் தோட்டத்து உரமாகவும் போகக்கூடாது. நார்க்கழிவின் பெரிய ஆபத்தே அது பார்க்க நார்க்கழிவு போலவே இருப்பதுதான். நிக்கல் ஏறிய தூளுக்கும் ரோஜாத் தொட்டியில் போடும் தூளுக்கும் கண்ணால் வேறுபாடு தெரியாது.

அதனால் நான் அமைத்துக்கொடுக்கும் இடங்களில் சக்கையைக் கைமாறாத சிவப்புச் சாக்கில்தான் கட்டச் சொல்கிறேன். தேதி, எடை, எந்த உலோகம் என்று சாக்கிலேயே எழுத வேண்டும். முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவி உலோகத்தைத் திரும்ப எடுப்பது. அந்தக் கழுவுநீர் கெட்டியாக இருப்பதால் காரத்தில் நன்றாகப் படியும். ஐந்து முறைக்குப் பிறகு பிடிப்பு தளரும்போது சாக்கு, அபாயக் கழிவுக்கான கும்மிடிப்பூண்டி நிலையத்திற்கு, சுண்ணாம்புச் சேறு போகும் அதே வண்டியில். மாதம் 16 கிலோ என்றால் அதற்கான கட்டணத்தைச் சிறு பட்டறையும் தாங்கும். அரை டன் என்றால் தாங்காது. இரவில் எங்கோ கொட்டப்படும். 5 மில்லிகிராமுக்கு மேல் செறிவுள்ள நீரைச் சக்கை டிரம்முக்கு அனுப்பாதீர்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இப்போது அந்தக் கோவைப் பட்டறையில் இரண்டு டிரம்கள் வரிசையாக நிற்கின்றன, இரண்டிலும் தூளும் மட்டைச் சில்லும். குரோம் நீர் தனிக் குழாயில் மெட்டாபைசல்பைட் தொட்டிக்குப் போகிறது. நார்க்கழிவின் பக்கமே வருவதில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு, முலாம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதல் டிரம்முக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள குழாயைத் திறந்து வெள்ளைப் பீங்கான் தட்டில் பத்துச் சொட்டு பிடிக்கிறார். ஒரு சொட்டு அம்மோனியா, நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் டைமெத்தில்கிளையாக்சைம் ஒரு சொட்டு. நிறம் மாறாவிட்டால் நோட்டில் ஒரு கோடு. தட்டில் இளஞ்சிவப்பு படர்ந்தால் முதல் டிரம் நிரம்பிவிட்டது. அன்றே அதைக் கழற்றி அமிலத்தில் கழுவி, இரண்டாவதை முன்னால் நகர்த்திவிடுகிறார்.